டைசனை அளவுக்கு மீறிக் கொண்டாடினோமா?

2024 நவம்பரில், 58 வயது குத்துச்சண்டை வீரர் மைக் டைசன், யூடியூபிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலிடம் தோற்றதைப் பார்த்ததிலிருந்து என் அக்காள் மகன் ஒரே பாட்டைப் பாடுகிறான். “மாமா, அந்த ஆளை நீங்கள்தான் தூக்கி வைத்து ஆடியிருக்கிறீர்கள். 1990இல் பஸ்டர் டக்ளஸ் அடித்து வீழ்த்தியபோதே சாயம் வெளுத்துவிட்டதே!” நேற்று வேலந்தாவளம் டீக்கடையிலும் இதையே சொன்னான். நின்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

1990 பிப்ரவரி 12. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குக் கோவைப் பதிப்புதான் வரும். முதல் பக்கத்தில், முந்தின நாள் விடுதலையான மண்டேலா. விளையாட்டுப் பக்கத்தில், அதே நாள் டோக்கியோவில் விழுந்த டைசன். 37 பந்தயங்களில் தோல்வியே காணாதவர், அதில் 33 நாக் அவுட். பக்கத்துத் தோட்டத்து நாய்க்குக்கூட அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அப்பா செய்தியை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பத்திரிகையை மடித்து வைத்தார்.

மருமகனே, அவர் சோப்ளாங்கிகளை அடித்துப் பெயர் வாங்கவில்லை. 1988 ஜனவரியில் முன்னாள் உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸை நான்காம் சுற்றில் சாய்த்தார். ஹோம்ஸ் அதற்கு முன்பும் பின்பும் வேறு யாரிடமும் நாக் அவுட் ஆனதில்லை. அதே ஆண்டு ஜூனில், அதுவரை தோற்காத மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் முடித்தார். அந்த டைசனுக்குக் கொடுத்த புகழில் ஒரு காசுகூடக் கூடுதல் இல்லை.

ஆனால் டோக்கியோவுக்குப் போனது அந்த டைசன் அல்ல. வளர்த்து ஆளாக்கிய கஸ் டமாட்டோ 1985இலேயே இறந்துவிட்டார். அவர் வழியில் பயிற்சி கொடுத்த கெவின் ரூனியை 1988இல் டைசனே விலக்கிவிட்டார். புதிதாக வந்த பயிற்சியாளர்களின் லட்சணத்தை டோக்கியோவில் சுற்றுகளுக்கு நடுவே வரும் இடைவேளைகளில் பாருங்கள். இடக்கண் வீங்கி மூடுகிறது. வீக்கத்தை அழுத்த வேண்டிய குளிர்ந்த இரும்புத் தகடு அவர்களிடம் இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைக்கிறார்கள்! உலகச் சாம்பியன் வந்து உட்காரும் மூலையில்! இன்று பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பந்தயத்துக்கு முன், பயிற்சியின்போதே, அவரோடு மோதிப் பழகிய கிரெக் பேஜ் அவரை ஒருமுறை கீழே தள்ளியிருந்தார். அதைக் கண்டும் யாரும் விழித்துக்கொள்ளவில்லை. 1988இல் போட்ட மதிப்பையே 1990லும் சொல்லிக்கொண்டிருந்தோம். நம் தப்பு அதுதான்.

இன்னொரு தப்பும் உண்டு. எனக்கு அதுதான் பெரியது. பஸ்டர் டக்ளஸை யாரும் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பந்தயத்துக்கு 23 நாள் முன்புதான் தாயைப் பறிகொடுத்திருந்தார். டைசனைவிடச் சுமார் ஓரடி கூடுதலாக எட்டும் கை. அந்த இடக்கைக் குத்தை முகத்திலேயே வைத்து, டைசனை உள்ளே வரவிடாமல் நிறுத்தினார். “டைசன் சொதப்பினார்” என்று சொல்லும்போது டக்ளஸ் செய்த வேலையையும் சேர்த்துத்தான் அழிக்கிறோம்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. துண்டு வீடியோ வேண்டாம், பத்துச் சுற்றையும் சேர்ந்து பார்ப்போம். எட்டாவது சுற்றில் டைசனின் ஒரே குத்தில் டக்ளஸ் மல்லாந்து விழுகிறார். ஒன்பது எண்ணும்போது எழுகிறார். பத்தாவதில் விழுந்த டைசன் தரையைத் தடவிப் பல்காப்பைத் தேடி எடுக்கிறார், கோணலாக வாயில் செருகிக்கொண்டு எழப் பார்க்கிறார். அந்த இரண்டு இடத்தையும் பார். பிறகு பேசுவோம்.