ஏழு வயதில் தனியாக நடந்தோம்

1968-இல் அப்பாவுக்கு இங்கிலாந்தின் போல்டன் நகரத்தில் டாக்டர் வேலை கிடைத்தது. மதுரையிலிருந்து போய் இறங்கியபோது எனக்கு ஐந்து வயது, தம்பிக்கு இரண்டு. எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தோம். என் பிள்ளைப்பருவம் என்றால் இன்றும் கண்ணில் நிற்பது அந்த ஈரமான செங்கல் தெருதான்.

சாமுவேல் கிராம்ப்டன் 1779-இல் ‘ஸ்பின்னிங் மியூல்’ என்ற நூற்பு இயந்திரத்தைக் கண்டுபிடித்த ஊர் அது. நாங்கள் போனபோது பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஆனாலும் தெருப் பெண்கள் பலர் ஆலையில் ஷிஃப்ட் பார்த்தார்கள். ஒருத்தி வேலைக்குப் போனால் இன்னொருத்தி திரும்பியிருப்பாள். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் வாசற்படியில் நிற்பார். நாங்கள் எல்லாரையும் ஆண்ட்டி என்போம். அவர்கள் எங்களை ‘லவ்’ என்பார்கள்.

அந்த வாசற்படியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாரம் ஒருமுறை முழந்தாளிட்டுப் படியைக் கழுவி, ‘டாங்கி ஸ்டோன்’ என்ற கல்லால் ஓரங்களில் தேய்த்துப் பட்டை இடுவார்கள். பழைய துணி வாங்க வருகிறவர் துணிக்குப் பதிலாகத் தரும் கல் அது. அம்மா இதை முதல் வாரமே கவனித்துவிட்டார். மார்கழி பிறந்த அன்று, புட்டிங் செய்யக் கடையில் விற்கும் அரிசி மாவில் வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டார். அரை மணி நேரத்தில் மழை கரைத்துவிட்டது. எதிர்வீட்டு ஆண்ட்டி குடையோடு வந்து, தன் கல்லில் பாதியை உடைத்து அம்மா கையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் கோலம் அந்தக் கல்லில்.

பள்ளிக்குப் பன்னிரண்டு நிமிட நடை. ஏழு வயதில் தனியாகவே போனேன். பெரிய சாலையில் மட்டும், வட்டப் பலகை பிடித்த பெண்மணி வண்டிகளை நிறுத்தி எங்களைச் சாலையைக் கடக்க வைப்பார். வழியில் ஒரு குதிரைச் செஸ்ட்நட் மரம். அக்டோபரில் அதன் காய்களுக்கு அடிதடியே நடக்கும். காயில் துளையிட்டுக் கயிறு கோத்து, எதிராளியின் காயை அடித்து உடைப்பதுதான் ‘கான்கர்ஸ்’ ஆட்டம். வினிகரில் ஊறவைத்தால் காய் இறுகும் என்பது எங்கள் ரகசியம். என் நிறத்தைச் சொல்லி வைத பையன்களும் அந்த மரத்தடியில் இருந்தார்கள். அது வலித்தது, இன்றும் மறக்கவில்லை. ஆனால் அவர்களைத் தள்ளி நிறுத்திய பையன்களும் அங்கேதான் இருந்தார்கள்.

பள்ளியில் பதினொரு மணிக்குப் பால். மூன்றில் ஒரு பைண்ட், அதாவது சுமார் 190 மில்லி கொள்ளும் குட்டிக் கண்ணாடி பாட்டில். பனிக்காலத்தில் பால் உறைந்து, மேலே திரண்ட ஆடை தகர மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 1946 சட்டப்படி எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைத்தது அது. 1968-இல் லேபர் கட்சி அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு நிறுத்தியது. 1971-இல் கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர், ஏழு வயதைக் கடந்தவர்களுக்கும் நிறுத்தினார். எனக்கு எட்டு வயது. தம்பி குடித்தான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் பாதியைக் கால்சட்டைப் பையில் வைத்து எனக்குக் கொண்டுவர முயன்று, சட்டையெல்லாம் பால். பிள்ளைகளின் வாயிலிருந்து மிச்சம் பிடிக்கும் அரசின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

ஆனால் பாலைவிடப் பெரிய ஒன்றையும் பிள்ளைகள் இழந்துவிட்டார்கள். மேயர் ஹில்மன் (Mayer Hillman) என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் சில பள்ளிகளில் 1971-இலும் 1990-இலும் ஒரே கேள்வியைக் கேட்டார். ஏழு, எட்டு வயதில் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனவர்கள் முதலில் நூற்றுக்கு 80 பேர். பிறகு 9 பேர். சாலை விபத்தில் சாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததற்குச் சாலை பாதுகாப்பானது காரணமல்ல, பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டதே காரணம் என்றார் அவர். பிள்ளைகளை இப்படி உள்ளே இழுத்துக்கொண்டதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். வேகமாக ஓட்டுகிறவரை அடக்காமல், நடக்கிற பிள்ளையை அடைத்தோம். குறிப்பிட்ட நேரங்களில் தெருவை விளையாட்டுக்காக வண்டிகளுக்கு மூட நகராட்சிகளை அனுமதிக்கும் சட்டம் 1938-இலேயே அங்கே வந்துவிட்டது. 2009-இல் பிரிஸ்டல் நகரத் தாய்மார்கள் தங்கள் தெருவை மூடி அந்த வழக்கத்தை மீண்டும் தொடங்கினார்கள். ஒவ்வொரு தெருவிலும் வாரம் மூன்று மணி நேரமாவது இது நடக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் போல்டன் போயிருந்தேன். அக்டோபர் மாதம், பள்ளி விடும் நேரம். தெருவின் இரு பக்கமும் கார்கள். எங்கள் வாசற்படி நடுவில் தேய்ந்து, அப்படியே இருந்தது. பள்ளிவரை நடந்தேன், அதே பன்னிரண்டு நிமிடம். செஸ்ட்நட் மரமும் இருந்தது. எங்கள் காலத்தில் ஒரு காய்கூட மிஞ்சாத அதன் அடியில், பளபளவென்று நூற்றுக்கணக்கான காய்கள் எடுப்பாரின்றிக் கிடந்தன.