கார் புக்கிங்கை ரத்து செய்வதா, காத்திருப்பதா?

"அடுத்த மாசம் கண்டிப்பா வந்துடும் சார்." வெள்ளை கார் ஒன்றை புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறேன்; ஷோரூம் தம்பி இதைச் சொல்லாத மாதமே இல்லை. 2021இல் காருக்குள் வைக்கும் எலக்ட்ரானிக் சிப்புக்குத் தட்டுப்பாடு என்றார்கள், உலகத்துக்கே தட்டுப்பாடு, நம்பினோம். இப்போது என்ன கேடு? கேட்டால், "வெள்ளைக்குத்தான் வெயிட்டிங், சிவப்புன்னா நாளைக்கே எடுத்துக்கலாம்" என்கிறார். சிவப்பு பிடித்திருந்தால் சிவப்பையே புக் பண்ணியிருக்க மாட்டேனா?

ரத்து செய்யலாம்தான். ஆனால் வேறு கம்பெனிக்குப் போனால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். காத்திருந்தாலோ, புக் செய்த நாள் விலை கிடையாது, டெலிவரி நாள் விலைதான். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது, சந்தோஷம். ஆனால் ஜனவரி பிறந்தால் விலையை ஏற்றுவது கம்பெனிகளுக்குப் பழக்கமாயிற்றே!

இன்னொரு கூத்து: மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது என்று வீட்டில் தடை. தை பிறந்து எடுத்தால், டிசம்பரில் தயாரான வண்டியைத் தலையில் கட்டுவார்கள். ஆர்சியில் தயாரிப்பு வருஷமாகப் போன வருஷம்தான் இருக்கும், விற்கும்போது விலை அடிவாங்கும்.

இதற்கிடையில் பழைய காரின் கிளட்ச் தேய்ந்து கிடக்கிறது. மெக்கானிக்கோ, "புதுசு வரப்போகுதே, எதுக்கு சார் வீண் செலவு?" என்கிறார். அவரிடம் யார் சொல்வது?

பொங்கல் வரை கெடு வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.