கவனிக்காமல் விட்டுவிட்டு "ஆபத்து" என்று அகற்றுவது

சான் பிரான்சிஸ்கோவின் கலை ஆணையம் 2025 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, வயான்கூர் நீரூற்றை நகரத்தின் கலைச் சேகரிப்பிலிருந்து நீக்க முடிவு செய்தது. கனடியச் சிற்பி அர்மான் வயான்கூர் 1971இல் கான்கிரீட்டில் எழுப்பிய பிரம்மாண்டமான படைப்பு அது. பம்புகள் பழுதாகித் தண்ணீர் நின்றுவிட்டது, உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது, நிலநடுக்கம் வந்தால் தாங்காது, சரிசெய்ய ஏறத்தாழ 2.9 கோடி டாலர் வேண்டும் என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது.

சரி, எல்லாமே உண்மை என்று வைத்துக்கொள்வோம். துரு ஒரே ராத்திரியிலா பிடித்தது? ஐம்பது வருடத்துக்கு மேல் அதன் உரிமையாளராக இருந்தது யார்?

பொதுவெளிக் கலைப்படைப்புகள் நீக்கப்படும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். முதலில் பராமரிப்பை நிறுத்துகிறார்கள். பிறகு வேலி போடுகிறார்கள். வேலிக்குள் கிடப்பது அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்ததும் "மக்களுக்கே பிடிக்கவில்லை" என்கிறார்கள். கடைசியில் ஒரு பொறியாளர் அறிக்கையும் ஒரு பெரிய தொகையும் வரும். நீக்குவதைத் தவிர வேறு வழியே இல்லாதது போல அப்போது தோன்றும். அந்த நிலைமையை உருவாக்கியவர்களே முடிவையும் எடுக்கிறார்கள்.

இதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. 1959இல் பிலடெல்பியா தொடங்கி வைத்த வழியில், பல அமெரிக்க நகரங்கள் பொதுக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் போலக் கலைக்கு ஒதுக்குகின்றன. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் கட்டுமானக் கணக்கிலிருந்து வருவது. கடன் பத்திரங்கள் மூலம் திரட்டியதாக இருந்தால் அதை வருடாந்திரப் பராமரிப்புக்குச் செலவிட முடியாது. சிலை வைக்கக் காசு இருக்கும், சிலையைக் கழுவக் காசு இருக்காது. திறப்பு விழாவுக்கு மேயர் வருவார். வெல்டிங் விட்டுப்போனதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

அமெரிக்காவின் டி மாய்ன் நகரில் நடந்தது இன்னும் வேதனையானது. அங்கே ஒரு பூங்காக் குளத்தைச் சுற்றிக் கலைஞர் மேரி மிஸ் 1996இல் முடித்த 'கிரீன்வுட் பாண்ட்: டபுள் சைட்' என்ற படைப்பு, மர நடைபாதைகளும் மேடைகளுமாக, மக்கள் உள்ளே நடந்து அனுபவிக்கும் இடமாக இருந்தது. மரம் உளுத்துப்போக, அதன் உரிமையாளரான கலை மையம் 2024இல் இடிக்க முடிவு செய்தது. கலைஞர் நீதிமன்றம் போனார். ஒப்பந்தப்படி அவர் சம்மதமில்லாமல் இடிக்கக் கூடாது என்று நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். ஆனால் பழுதுபார்க்கும்படி மையத்தைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்றார். அதாவது இடிக்கவும் கூடாது, சரிசெய்யவும் வேண்டாம், அப்படியே உளுத்துக்கொண்டு கிடக்கலாம்! 2025 தொடக்கத்தில் 9 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. படைப்பு போயே போய்விட்டது.

எதையுமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே சான் பிரான்சிஸ்கோவில் 'எர்லி டேஸ்' என்ற சிலைத் தொகுதி 2018இல் அகற்றப்பட்டது. ஒரு பழங்குடி மனிதர் ஒரு பாதிரியாரின் காலடியில் விழுந்து கிடப்பதாக அது காட்டியது. பழங்குடி மக்கள் பல வருடம் எதிர்த்தார்கள், விசாரணைகள் நடந்தன, காரணம் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஒரு சமூகத்தை அவமதிக்கிறது என்றால் அதைச் சொல்லி எடுக்கலாம். துருவின் பின்னால் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை.

விற்கிற யோசனை வேறு இருக்கிறது. பிரிட்டிஷ் சிற்பி ஹென்றி மூர் செய்த ஒரு வெண்கலப் பெண் சிலையை 1962இல் லண்டன் நிர்வாகம் வாங்கி, கிழக்கு லண்டனில் சாதாரண மக்கள் வாழும் குடியிருப்பில் வைத்தது. அந்த மக்கள் பார்க்கட்டும் என்றுதான் மூர் குறைந்த விலைக்குக் கொடுத்தார். 'ஓல்ட் ஃப்ளோ' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். 2012இல் உள்ளாட்சி மன்றம் பட்ஜெட் நெருக்கடியைச் சொல்லி அதை விற்கப் பார்த்தது. பெரும் எதிர்ப்பு, வழக்கு, அப்புறம் 2015இல் வந்த புதிய மேயர் விற்பனையைக் கைவிட்டார். இடையில் வேறு ஊருக்குக் கொண்டுபோகப்பட்டிருந்த சிலை 2017இல் கிழக்கு லண்டனுக்கே திரும்பியது. ஒரு தலைமுறைக்குக் கொடுத்ததை அடுத்த தலைமுறையின் பற்றாக்குறைக்காக விற்க எந்த மன்றத்துக்கு உரிமை இருக்கிறது?

பல நகரங்களின் நீக்கல் விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன: கலைஞருக்குத் தகவல் தர வேண்டும், பொது விசாரணை வேண்டும், விற்றால் வரும் பணம் கலைக்கே போக வேண்டும். நான் இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். "சேதமாகிவிட்டது" என்று காரணம் காட்டும் எந்த நகரமும், கடந்த இருபது வருடத்தில் அந்தப் படைப்புக்கு என்ன பராமரிப்பு செய்தது, எவ்வளவு செலவழித்தது என்ற கணக்கை விசாரணைக்கு முன்பே வெளியிட வேண்டும். கணக்கு காட்ட முடியாவிட்டால், அந்தக் காரணத்தை வைத்து வாக்கெடுப்பே நடக்கக் கூடாது.