இன்னொருத்தன் ‘டிரா போதும்’னு சொன்னா வடைச்சட்டிய கவுத்திருவேன்

சொல்லிட்டேன். இனி எவனாவது “டிரா போதும்ல மக்கா”ன்னு வாயத் தொறந்தான், வடைச்சட்டிய அவன் மடியிலயே கவுத்திருவேன். எண்ணெயோட.

நாளைக்கு ராத்திரி 12.30க்கு நம்ம அர்செனலுக்கு மான்செஸ்டர் சிட்டி கூட ஃபுட்பால் மேட்ச். (புதன்கிழமை ராத்திரின்னா காலண்டர்ல வியாழக்கிழமை. இதையும் ஒருத்தனுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதாப் போச்சு.) அர்செனல் இங்கிலாந்து பிரீமியர் லீக் பட்டத்தத் தூக்குனது 2004ல. 38 மேட்ச், ஒண்ணுல கூடத் தோக்கல. அதுக்கப்புறம் எத்தன சித்திரை வந்துட்டுப் போச்சு! இந்த 2023லயாவது பாத்துருவோம்னு மனுசன் தூங்காமக் கெடக்கான். நம்ம சேக்காளிமாரு இவனுவ என்னடான்னா, பாளையில கிரவுண்டு பக்கம் டீக்கடை பெஞ்சுல உக்காந்து, டிராவுக்கு எப்படி டிஃபென்ஸ் போடுததுன்னு சாயங்காலம் பூரா ஆராய்ச்சி பண்ணுதானுவ.

எலேய், கணக்கப் பாருங்கல. நாம 32 மேட்ச்ல 75 பாயிண்ட். அவன் 30 மேட்ச்ல 70. அஞ்சு பாயிண்ட் முன்னால நிக்கோம், சரி. அவன் கையில ரெண்டு மேட்ச் கூடக் கெடக்குல்லா? நாளைக்கு டிரா ஆச்சுன்னா ஆளுக்கு ஒரு பாயிண்ட், நாம 76, அவன் 71. அந்த ரெண்டையும் அவன் ஜெயிச்சா, மேட்சுக்கு மூணுன்னு 77. எழுபத்தேழு பெருசா, எழுபத்தாறு பெருசா? ரெண்டாப்பு படிக்க எங்கக்கா மவ சொல்லிருவா.

இதக் கேட்டா, “அவன் எங்கயாவது சறுக்குவாம்ல”ங்கான். எவன்? பிப்ரவரி கடைசிலருந்து லீக்ல ஒரு மேட்சக் கூட விடாதவனா? சறுக்குனது நாமதாம்ல! லிவர்பூல் கூட 2-0 முன்னால இருந்து 2-2. வெஸ்ட் ஹாம் கூட 2-0 முன்னால இருந்து 2-2, அதுல பெனால்டியவும் வெளிய அடிச்சுட்டு வந்தோம். போன வெள்ளிக்கிழமை சவுத்தாம்ப்டன், பட்டியல்ல கடைசில கெடக்க டீமு, நம்ம கீப்பர் தட்டி விட்ட பால எடுத்து மொத நிமிஷத்துலயே கோல் போட்டான். 3-3. வரிசையா மூணு டிரா. இவனுவ வாய் முகூர்த்தம் பலிச்சதுதான் மிச்சம்.

சரி, அந்த ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு வாரேன். படிக்கவங்களும் கொஞ்சம் அனுபவிங்க.

மொதல்ல நாலு வடைய வாங்கி, பெஞ்சுல ஒரு பழைய பேப்பர விரிச்சு, அதுல அடுக்குனானுவ. திங்கதுக்கு இல்ல, டிஃபென்ஸுக்கு. வலது ஓரம் பென் வைட், ஆமவட. நடுவுல கேப்ரியல், இன்னொரு ஆமவட. இடது ஓரம் ஜின்சென்கோவுக்கு வாழக்கா பஜ்ஜி, ஏன்னா அவன் வளஞ்சு உள்ள வருவானாம். சலிபா இல்லாத எடத்துல ஹோல்டிங். ஹோல்டிங்குக்கு உளுந்தவட. நடுவுல ஓட்ட. மொத்தக் கூட்டத்துல நான் ஒத்துக்கிட்டது அந்த ஒண்ண மட்டுந்தான்.

சிட்டிக்குக் கோல் அடிக்க ஹாலண்டுக்கு தண்ணி ஜக்கு. லீக்ல மட்டும் 32 கோல் போட்டவன், ஜக்கு ரொம்பிதான் இருக்கணும்னு போய் ரொப்பிட்டு வேற வந்தான் ஒருத்தன். அவனுக்குப் பாஸ் போடுத டி புரூய்னவுக்கு என் டீ கிளாஸு. நான் இன்னும் குடிச்சு முடிக்கல. எடுக்கப் போனா, “இருடே, அவன் பாஸ் போடப் போறான்”ங்கான்.

இப்ப ஜின்சென்கோ பந்தோட நடுவுல போறானாம். பஜ்ஜிய உள்ள தள்ளியாச்சு. இடது ஓரம் காலி. அத அடைக்க கேப்ரியல இழுத்தாச்சு. ஹோல்டிங் ஒத்தையில ஜக்குக்கு நேரா நிக்கான். எல்லாரும் ‘உச்’ கொட்டுதானுவ. இவ்வளவு வரைக்கும் சரிதான், அதுதான் நெசமாவே நம்ம பிரச்சினை. மார்ச் 16ஆம் தேதி ஸ்போர்ட்டிங் கூட ஆடும்போது சலிபா முதுகு புடிச்சு வெளிய போனதுல இருந்து, பின்னால அவ்வளவு எடத்தையும் ஓடி அடைக்க ஆள் கெடையாது. இதோட நிறுத்திருந்தா நானே காசு குடுத்துட்டு சந்தோசமா வீட்டுக்குப் போயிருப்பேன்.

நிறுத்துவானுவளா? “அப்ப அஞ்சாவது ஆளப் போடு. மாஸ்டர், இன்னொரு ஆமவட!” வந்துச்சு, சட்டில இருந்து நேரா. கிவியோராம். சூடு தாங்காம பேப்பர்ல போட்டானுவ, நகைக்கடை விளம்பரத்துல சிரிச்சுக்கிட்டு இருந்த பொம்பள மூஞ்சி பூரா எண்ணெய். “மிட்ஃபீல்டர் பார்ட்டியையும் பின்னால இழு.” சட்னிக் கிண்ணம் வந்து வடைக்கு முன்னால உக்காந்துட்டு. “முன்னால ஆடுத சாக்காவும் எறங்கணும்ல.” யாரோ ஒருத்தன் பைக் சாவி. பத்து நிமிஷத்துல பூராப் பயலும் எங்க பெனால்டி பாக்ஸுக்குள்ள நிக்கான். அந்தப் பக்கம் சிட்டி கோல்கீப்பர் தனியா, காத்து வாங்கிக்கிட்டு.

“அப்ப கோல் யாருல போடுவா?”ன்னு கேட்டேன். தப்பான கேள்வி கேட்டவனப் பாக்க மாதிரி பாக்கான் ஒருத்தன். “கோலுக்கு முன்னால பூராப் பேரும் அடைச்சு நின்னு பஸ்ஸ நிறுத்திட்டா அவன் எப்படில கோல் அடிப்பான்?” எந்த பஸ்ஸுல? பாவநாசம் பஸ்ஸா? அதுவே வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுல அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காது. கண்டக்டர் விசில் அடிச்சிருவான்.

இந்த நேரத்துல லேட்டா வந்தான் ஒரு சேக்காளி. பைக்க ஸ்டாண்டு போட்டான், வந்தான், கேப்ரியல எடுத்துக் கடிச்சுட்டான்.

“எலேய் எலேய், அது கேப்ரியல்ல!”

“நல்லா வெந்திருக்கு மக்கா.”

இதுல வெறுத்துப் போன விஷயம் என்னன்னா, அடுத்த கால் மணி நேரம் கேப்ரியல் எடத்துல யாரப் போடலாம்னு விவாதம். வைட்ட நடுவுல தள்ளி, பார்ட்டிய வலது ஓரம் கொண்டு போயி, சட்னி சிந்தி, ஒருத்தன் பேண்டுல கொட்டி. இன்னொரு வட வாங்கலாம்னு ஒரு பயலுக்குத் தோணல. இவனுவளா சிட்டி கோச்சு பெப் கார்டியோலாவ மடக்கப் போறானுவ?

அப்பதான் அண்ணாச்சி வந்தாரு. ரிட்டயர்டு. அவருகிட்ட ஒரே ஒரு துருப்புச் சீட்டுதான் உண்டு, எந்த மேட்ச்சுன்னாலும் அதத்தான் எறக்குவாரு. “1989 மே 26. லிவர்பூல் கிரவுண்டு ஆன்ஃபீல்டு. அப்ப நம்ம கோச்சு ஜார்ஜ் கிரஹாம் என்ன பண்ணாரு? ஆடம்ஸ், போல்டு கூட ஓ’லியரியவும் நிறுத்தி, பின்னால அஞ்சு பேராக்குனாரு. கப்பு வந்துச்சா இல்லையாடே?”

வந்துச்சு அண்ணாச்சி. யாரு இல்லன்னா? ஆனா எதுக்கு நிறுத்துனாரு? அன்னைக்கு ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாத்தான் கப்பு. ரெண்டு ஓரத்துலயும் நிக்க டிக்சனும் வின்டர்பர்னும் தைரியமா மேல ஏறணும், அதுக்காவ நடுவுல மூணு பேரு. டிராவுக்கு இல்ல! ஒரு கோல்ல தோத்தாக் கூட கப்பு எங்களுக்குத்தான்னு நின்னது லிவர்பூலு. நாம 1-0 ஆக்குனப்பக் கூட, இன்னும் கொஞ்ச நேரந்தானேன்னு இருந்தானுவ. கடைசி நிமிஷத்துல லிவர்பூல் பார்ன்ஸு பால கார்னர் பக்கம் வச்சுக்கிட்டு நிக்காம வெட்டப் போயி பறிகொடுத்தான். நம்ம கீப்பர் லூகிச் கையால எடுத்து டிக்சனுக்கு, டிக்சன் ஸ்மித்துக்கு, ஸ்மித் மைக்கேல் தாமஸுக்கு. சோலி முடிஞ்சுது. ‘இது போதும்’னு இருந்தவன் கதையத்தான் அண்ணாச்சி நீங்க எனக்குச் சொல்லுதீய!

இத அப்படியே மூச்சு விடாமச் சொன்னேன். அண்ணாச்சி டீய ஒரு மொடக்கு குடிச்சாரு. “நீ அப்பப் பொறந்திருந்தியாடே?”ன்னு கேட்டாரு. அம்புட்டுத்தான். பூராப் பேரும் சிரிப்பு. நான் தோத்துட்டேனாம்.

பஸ் நிறுத்துதவன எதுத்துப் பேச ஏன் ஒருத்தனுக்கும் வாய் வரமாட்டேங்குதுன்னு வெளியாளுக்குத் தெரியாது. ஹாட்ஸ்டார் பாஸ்வேர்டு அவன் மச்சானோடது. அவன் சொல்லுததுதான் டிஃபென்ஸ், அவன் சொல்லுததுதான் ஆஃப்சைடு. போன மாசம் ஹோல்டிங்கப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசுன பயல ராத்திரியோட ராத்திரியா லாக்-அவுட் பண்ணிட்டான். அந்தப் பய மறுநாள் வந்து, “ஹோல்டிங் அனுபவசாலி”ங்கான். ஜனநாயகம்.

நான் சொல்ல வந்தது இம்புட்டுதான். ஹாலண்டப் புடிக்க ஆறு பேரு வேண்டாம், அவனுக்குப் பந்து குடுக்கவன் மேல ஒருத்தன் ஏறணும். ஜின்சென்கோ உள்ள போனா வைட்டு போகக் கூடாது, பின்னால மூணு பேரு மிஞ்சணும். எல்லாரும் எறங்கி பாக்ஸுக்குள்ள நின்னா அந்த டி புரூய்ன நின்னு நிதானமா, குறி பாத்து, ஒண்ணு மாத்தி ஒண்ணா உள்ள போட்டுக்கிட்டே இருப்பான். பிப்ரவரில நம்ம வீட்டுலயே 3-1 வாங்குனோமே, அப்ப மொத கோலே நம்ம டோமியாசு பின்னால தட்டுன பால்ல அவன் போட்டதுதான். பயந்து பின்னால தட்டுனா இதுதாம்ல நடக்கும். கேட்டானுவளா? நான் பேச ஆரம்பிக்கவும் புதுசா ஒரு ஈடு பஜ்ஜி எறங்கிட்டு.

காசு யாரு குடுத்தான்னு கேக்காதிய. கேப்ரியலத் தின்னவன் மொத ஆளாப் போயிட்டான், கிவியோருக்கும் சேத்து நான்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்து, கைய காலக் கழுவிட்டு, ஃபோனப் பாத்தா, குரூப்ல பஸ்காரன் கடைசி முடிவ அனுப்பிருக்கான். கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, கலர் அடிச்சு. 6-4-1. பின்னால ஆறு, நடுவுல நாலு, முன்னால ஒண்ணு. கீழ பதினேழு பேரு கட்டவிரலத் தூக்கிருக்கான். அண்ணாச்சி ரெண்டு கை எடுத்துக் கும்பிடுத பொம்மையும் போட்டுருக்காரு. நானும் நாலு தடவ உத்து உத்துப் பாத்தேன். ஆறும் நாலும் பத்து, ஒண்ணு பதினொண்ணு. கோல்கீப்பர்?

பன்னெண்டு பேரு.

ஒரு சாயங்காலம் பூரா, அத்தன வடையையும் வச்சு, பன்னெண்டு பேர எறக்கிருக்கானுவ. எனக்குச் சிரிப்பு தாங்கல. எங்கம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துட்டு, “ஏன்டே, கோட்டி புடிச்சிட்டா?”ன்னாவ. ஆமாம்மா. பன்னெண்டு பேரோட ஆடுனா டிரா என்ன, ஜெயிக்கவே செய்யலாம், ரெஃப்ரி எண்ணாம இருந்தாச் சரி.

சரி, நாளைக்கு ராத்திரி முழிக்கணும், ஒரு ஃபிளாஸ்க்ல டீ வாங்கி வச்சிருவோம்னு இப்ப வெளிய வந்தேன். பைக்கு ஸ்டார்ட் ஆவல. ஒதைச்சேன், ஒதைச்சேன், ம்ஹூம். தம்பி மத்தியானம் பெருமாள்புரம் வரைக்கும்னு எடுத்துட்டுப் போனான்லா? டேங்க ஆட்டிப் பாத்தா ஒரு சத்தமும் இல்ல. கேட்டா, “பங்க் வரைக்கும் ஓடும்ணே”ங்கான். எந்த பங்க்ல? இது வாசப்படியத் தாண்ட மாட்டேங்குதேல! காலையில நூறு ரூவாய்க்கு நான்தான் போட்டேன். டேய், இங்க வா. உள்ள ஓடாத, வெளிய வா.