பரந்தனில் இருந்து ஒன்லைன் வேலை செய்தால் கனடா பீ.ஆர். கிடைக்குமா?

கனேடியக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே ஒரு வருடம் ஒன்லைனில் வேலை செய்தால் ‘கனேடிய அனுபவ வகுப்பில்’ (கனடாவில் வேலை செய்தவர்களுக்கான குடிவரவுத் திட்டம்) நிரந்தர வதிவிடம் (பீ.ஆர்.) கிடைக்கும் என்று வன்னி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி பிழை.

அதற்கு, விண்ணப்பிக்க முந்திய 3 வருடங்களுக்குள், கனடாவில் இருந்தபடி, வேலை அனுமதியோடு 1,560 மணிநேரம் திறன்சார் வேலை செய்திருக்க வேண்டும். சம்பளம் டொலரில் வந்தாலும், ஆள் பரந்தனில் இருந்தால் அது வெளிநாட்டு அனுபவம்தான்.

உழைப்பு வீணில்லை. பீ.ஆருக்கான இன்னொரு வழியான மத்திய திறன்சார் தொழிலாளர் திட்டத்துக்கு, தொடர்ச்சியாக ஒரு வருடம் செய்த திறன்சார் வேலை உதவும். வாரத்தில் 30 மணிநேரத்துக்கு மேற்பட்டது கணக்கில் வராது. இரட்டிப்பாக உழைத்து ஆறு மாதத்தில் முடிக்க இயலாது. பதவி, கடமைகள், வார மணிநேரம், சம்பளம் எழுதிய கடிதத்தைக் கம்பனியிடம் இப்போதே வாங்கி வையுங்கள்.

கனடா அரசின் குடிவரவு இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். அந்த வட்ஸ்அப் செய்தியைக் காட்டிக் காசு கேட்கும் முகவருக்குக் கொடுக்காதீர்கள். அதை மேலும் அனுப்பாதீர்கள்.