இரண்டு வயது கணக்கு: டிக்கெட் போட்ட நாளா, பறக்கும் நாளா?

விமான டிக்கெட் போடும் நாளில் குழந்தைக்கு இரண்டு வயது முடியாமல் இருந்தால் போதும், தனி இருக்கை வாங்காமல் போக வர இரண்டுக்கும் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியல்ல.

விமான நிறுவனங்கள் பார்ப்பது பறக்கும் நாளன்று குழந்தையின் வயதை. மார்ச் 10 இரண்டாவது பிறந்தநாள் என்று வையுங்கள். 5ஆம் தேதி கிளம்பும்போது மடியில் உட்காரலாம். 20ஆம் தேதி திரும்பும்போது தனி இருக்கை வேண்டும். ஜனவரியிலேயே டிக்கெட் போட்டிருந்தாலும் அதே கதைதான். கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இது காசு சம்பந்தப்பட்ட விதி மட்டுமல்ல, பாதுகாப்பு விதியும்கூட. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதியிலேயே, இரண்டாவது பிறந்தநாளை எட்டாத குழந்தையைத்தான் மடியில் வைக்கலாம் என்று இருக்கிறது. அதனால் கவுன்ட்டரில் இருப்பவர் மனமிரங்கினாலும் விட முடியாது. திரும்பும் விமானம் நிரம்பியிருந்தால், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்த நிலை யாருக்கும் வேண்டாம்.

நீங்களே சரிபார்க்கலாம். நிறுவனத்தின் தளத்தில் பயண நிபந்தனைகளைத் திறந்து கைக்குழந்தைகள் பகுதியைப் படியுங்கள். வயது எந்த நாளுக்கு என்று அங்கே எழுதியிருக்கும். அப்புறமும் சந்தேகம் இருந்தால், பிறந்த தேதியையும் திரும்பும் தேதியையும் குறிப்பிட்டு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.