ஒரு கேசட்டின் இரண்டு பக்கங்கள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மாடி அறையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அறுபதுகள், எழுபதுகளில் வந்த ஆங்கில பாப், ராக் ஆல்பம் ஏதாவது ஒன்றை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை சேர்ந்து கேட்போம், டீ குடிப்போம், பேசுவோம். பன்னிரண்டு வருஷமாக இது நடக்கிறது. போன மார்ச் மாதம் அக்கா மகளும் வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தாள். அதில் ஒரு முக்கோணக் கண்ணாடி. ஒரு பக்கம் வெள்ளைக் கோடாக நுழையும் ஒளி மறுபக்கம் வானவில்லாகப் பிரியும் படம். எங்கள் கூட்டத்தில் ஒருவர், என் இருபது வருஷ நண்பர், "இது யாரோட ஆல்பம் தெரியுமா? அவங்க பாட்டு மூணு சொல்லு பார்க்கலாம்" என்றார்.

அவள் பிங்க் ஃபிளாய்ட் குழு என்று சரியாகச் சொன்னாள். பாட்டு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "அப்புறம் எதுக்குப் போட்டுக்கிட்டிருக்கே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவள் டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் மாடிப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய ராக் இசையை நேசிக்கும் நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. புதிதாக வருகிறவருக்குப் பரீட்சை வைக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். இந்த இசை வளர்ந்த விதத்துக்கே அது எதிரானது.

எனக்கு இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1987. நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப் போர்ஷனில் ஒரு அண்ணன் இருந்தார். வங்கி வேலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர் டேப் ரெக்கார்டரிலிருந்து கிதார் சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வரும். நான் நோட்டுப் புத்தகத்தோடு நடுப்படியில் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் அவர் கீழே வந்து, எதுவும் விசாரிக்காமல், 90 நிமிட டிடிகே கேசட் ஒன்றை என் கையில் வைத்தார். "கேட்டுட்டு மெதுவா கொடு, அவசரமில்ல தம்பி" என்றார். ஏ பக்கம் பீட்டில்ஸ் குழுவின் ரப்பர் சோல் ஆல்பம். பி பக்கம் பீச் பாய்ஸ் குழுவின் பெட் சவுண்ட்ஸ். பாட்டுகளின் பேர்களை நீல மையில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். இரண்டும் ஏறக்குறைய 36 நிமிஷம் ஓடும். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியில் ஒன்பது நிமிஷம் வெறும் இரைச்சல்தான். அதையும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்போது எனக்கு அந்த ஆங்கில உச்சரிப்பு பாதிகூடப் பிடிபடவில்லை. முதலில் என் காதில் விழுந்தது ஏ பக்கத்தின் இரண்டாவது பாட்டில் வரும் சிதார். அந்த வாத்தியத்தை அப்போதுதான் தொட்டுப் பழகியிருந்த பீட்டில்ஸ் கிதார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்தது என்பது பின்னால் தெரிந்தது. பி பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஒரு ரயில் கடந்து போகும், நாய்கள் குரைக்கும். அண்ணன் பதிவு செய்த அன்றைக்குத் தெருச் சத்தமும் சேர்ந்து விழுந்துவிட்டது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஆல்பத்திலேயே இருப்பது. பீச் பாய்ஸின் ப்ரையன் வில்சன் வளர்த்த நாய்கள் அவை.

இந்த இரண்டு ஆல்பத்தையும் அண்ணன் ஏன் ஒரே கேசட்டில் போட்டார்? பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வேறெதையோ படித்துக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது.

ரப்பர் சோல் 1965 டிசம்பரில் வந்தது. பீச் பாய்ஸ் குழுவுக்காகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த ப்ரையன் வில்சன் கலிஃபோர்னியாவில் அதைக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 23. ஓரிரு வெற்றிப் பாட்டை வைத்துவிட்டு மிச்ச இடத்தை எதையாவது கொண்டு நிரப்புவதுதான் அன்றைய ஆல்பங்களின் வழக்கம். இதில் அப்படி ஒரு பாட்டுகூட இல்லை, எல்லாம் ஒரே மனசிலிருந்து வந்ததுபோல இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இதைவிடச் சிறந்ததை நான் செய்வேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். முந்தைய வருஷமே மேடைக் கச்சேரிப் பயணங்களை விட்டிருந்தார். மற்றவர்கள் வெளியூர்களில் பாடிக்கொண்டிருக்க, இவர் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் தேர்ந்த வாத்தியக்காரர்களை உட்காரவைத்து ஒவ்வொரு ஒலியாகச் சேர்த்தார். டிரம்ஸுக்கு ஹால் பிளெய்ன், பேஸ் கிதாருக்குக் கரோல் கே. சைக்கிள் மணியும் உண்டு, காலித் தண்ணீர் ஜாடியைத் தட்டிய ஓசையும் உண்டு. அவருக்கு வலது காது கேட்காது. அதனால் முழு ஆல்பத்தையும், இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வரும் மோனோவிலேயே கலந்தார். ஒரு காதால் கேட்டு இத்தனை அடுக்குகளை ஒரு மனிதன் எப்படி அடுக்கினான் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. போன வருஷம் ஜூனில், 2025இல், அவர் இறந்த செய்தி வந்த அன்று ராத்திரி அந்த ஆல்பத்தை இரண்டு தடவை கேட்டேன்.

பெட் சவுண்ட்ஸ் 1966 மே மாதம் வந்தது. அமெரிக்காவில் விற்பனை சுமார்தான். பட்டியலில் பத்தாவது இடத்துக்கு மேலே போகவில்லை. அப்போது நடந்த ஒரு காரியத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழுவில் பாடிய ப்ரூஸ் ஜான்ஸ்டன் புது ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனார். ஒரு ஹோட்டல் அறையில் பீட்டில்ஸின் ஜான் லெனனுக்கும் பால் மெக்கார்ட்னிக்கும் அதைப் போட்டுக் காட்டினார். போட்டியாளர்கள் என்று உலகம் நினைத்த இரண்டு பேருக்கு, தன் குழுவின் புது இசையை உட்காரவைத்துக் கேட்கக் கொடுத்திருக்கிறார். அதில் வரும் ஒரு பாட்டைத் தனக்கு மிகப் பிடித்த பாட்டு என்று மெக்கார்ட்னி இன்றுவரை சொல்லிவருகிறார். தன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரதி வாங்கிக் கொடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம், 1967இல், பீட்டில்ஸின் சார்ஜண்ட் பெப்பர் வந்தது. பெட் சவுண்ட்ஸ் இல்லாமல் அது பிறந்திருக்காது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே சொன்னார். அதன் பிரிட்டிஷ் பதிப்பின் கடைசியில் நாய்களுக்கென்றே ஒரு மெல்லிய உச்ச ஒலியைச் சேர்த்திருந்தார்கள். அங்கே குரைத்த நாய்களுக்கு இங்கிருந்து ஒரு பதில் போல எனக்குக் கேட்கும்.

அந்த அண்ணன் இந்தக் கதை முழுவதையும் ஒரு வார்த்தை பேசாமல் ஏ பக்கம், பி பக்கம் என்று என் கையில் கொடுத்திருக்கிறார். அவர் அன்றைக்கு என்னிடம் மூன்று பாட்டுச் சொல் என்று கேட்டிருந்தால் நான் படியிலிருந்து எழுந்து போயிருப்பேன்.

இது ஏதோ ஒரு இடத்தில் மட்டும் நடந்ததும் இல்லை. 1961 அக்டோபரில் லண்டனுக்குப் பக்கத்தில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் ஒரு பையன் சில எல்பி தட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களுடையவை. சிகாகோவின் செஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்கே எழுதித் தபாலில் வரவழைத்த தட்டுகள்; இங்கிலாந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காதவை. அந்தப் பக்கமாக வந்த இன்னொரு பையனின் கண் தட்டுகள் மேல் விழுந்தது. சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான், பேச்சு விட்டுப்போயிருந்தது. ரயில் போய்ச் சேரும் வரை பேசிக்கொண்டே போனார்கள். தட்டு வைத்திருந்தவன் மிக் ஜேகர், பார்த்தவன் கீத் ரிச்சர்ட்ஸ். அந்த ரயிலில் ஒருவர் மற்றவருக்குக் கேள்வித்தாள் நீட்டியிருந்தால் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழு ஏது?

அவர்கள் வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்ததும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது, ஹௌலிங் வுல்ஃபும் பாட வேண்டும் என்று கேட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய கறுப்பினப் பாடகர் அவர். சிகாகோ ப்ளூஸ் என்ற கறுப்பின இசையின் தூண்களில் ஒருவர். அவரை அவர் நாட்டின் வெள்ளைக்கார இளைஞர்களில் எத்தனையோ பேர் கேட்டதே இல்லை. அவர் பாடும்போது ஸ்டோன்ஸ் பையன்கள் அவர் காலடியில் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் காட்சிப் பதிவை எப்போது பார்த்தாலும், ரசிகன் உட்கார வேண்டிய இடம் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அக்கா மகளுக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். "உன் டி-ஷர்ட் ஆல்பத்தைக் கேட்கலாமா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே வந்தாள். 1973இல் வந்த டார்க் சைட் ஆஃப் தி மூன். முன்கதை எதுவும் சொல்லாமல் முள்ளை வைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். இதயத் துடிப்பு ஒன்று தூரத்திலிருந்து கிளம்பி வந்தது. கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அடித்தபோது துள்ளி விழுந்து சிரித்தாள். முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு பெண் குரல், வார்த்தையே இல்லாமல், அழுகையும் ஆலாபனையும் கலந்ததுபோல ஏறி இறங்கும். அது முடிந்ததும், "மாமா, யார் இவங்க?" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். கிளேர் டோரி. ஸ்டூடியோவுக்குக் கூலிக்குப் பாட வந்தவர், வயது 25. பாட வார்த்தை எதுவும் கொடுக்கவில்லை. தன் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு 30 பவுண்டு கொடுத்தார்கள். முப்பது வருஷம் கழித்து வழக்குப் போட்டு, 2005இல் சமரசமான பிறகுதான் அந்த இசையை அமைத்தவர்களில் ஒருவராக அவர் பேரும் சேர்ந்தது. "முப்பது பவுண்டா!" என்று கோபப்பட்டாள். அவளாகவே எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டாள்.

இரண்டாம் பக்கம் காசு குலுங்கும் சத்தத்தில் தொடங்கும். பேஸ் கிதார் நுழைந்தது. அவள் ஆறு வயதிலிருந்து பரதம் ஆடுகிறவள். கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது. இரண்டு சுற்று எண்ணினாள். "மாமா, ஏழு வருது. மிஸ்ரம்!" என்றாள். நான் இதை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். எண்ணிக்கை ஏதோ கோணலாக இருக்கிறது என்று தெரியுமே தவிர, ஏழு என்று புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் முகம் மாறிவிட்டது. சாக்ஸஃபோன் வாசித்து முடிக்கும் வரை ஏழு ஏழாகவே போட்டுக்கொண்டு வந்தாள். கிதார் நுழைந்த இடத்தில் கை ஒரு நொடி தடுமாறியது. "நாலுக்கு மாத்திட்டாங்க!" என்று கத்தினாள். சரிதான். குழுவின் கிதார்காரர் டேவிட் கில்மோரின் வாசிப்பு நாலு எண்ணிக்கைக்குப் போய்விட்டு மறுபடி ஏழுக்குத் திரும்பும். என்றைக்கும் கவனிக்காத அந்தத் திருப்பத்தை அன்று அவள் விரலைப் பார்த்துத்தான் நான் கேட்டேன்.

மூன்று பாட்டின் பேர் தெரியாத பெண்தான் இதைக் கேட்டுச் சொன்னாள்.

ஆகவே நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக ஒருவர் ஆர்வம் காட்டினால் நாற்பது லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், யாரும் திறப்பதில்லை. வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு ஆல்பம், முழுசாக. பாட்டு ஓடும்போது "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று தோளைத் தட்டாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. அவர்கள் கேள்வி கேட்டால் கதை சொல்லுங்கள், நம்மிடம்தான் கொட்டிக் கிடக்கிறதே. தட்டையோ சிடியையோ இரவல் கேட்டால் கொடுங்கள். கீறல் விழும். விழட்டும். அப்புறம், அவர்கள் கேட்கும் இன்றைய இசையை ஒரு முறையாவது அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள்.

நண்பரிடம் ஜூன் மாதம் நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன்னிடமிருந்த பெட் சவுண்ட்ஸ் தட்டை ஒரு துணிப்பையில் போட்டு, "பாப்பாவுக்குக் கொடுத்துடுங்க, திருப்பித் தர வேண்டாம்" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இந்த இரண்டாம் ஞாயிறு அவள் வருகிறாள். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். முதலில் அவள் கொண்டுவரும் ஆல்பத்தைத்தான் போட வேண்டும், முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் யாரும் பேசக் கூடாது. சரி என்று சொல்லியிருக்கிறேன். நண்பரிடமும் சொல்லிவிட்டேன்.